ஸ்குரூ வருது

பெண்கள் சிறையில் காவலுக்கு நிற்கும் அவளுக்குக் காது கொஞ்சம் கூர்மை. கைதிகள் எதிரே நின்றால் 'மேடம்' என்பார்கள். அந்தப்பக்கம் போனதும் 'பாம்புச்செவி' என்பார்கள். அதுவும் அவள் காதில் விழுந்திருந்தது. உள்ளூரப் பெருமைதான்.

ஒரு மத்தியானம் அவள் தையல் கூடத்துக்குள் நுழையப்போகையில், மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ "ஸ்குரூ வருது" என்றாள். பேச்சு சட்டென்று நின்றது. எல்லாத் தலைகளும் துணிமேல் கவிழ்ந்தன. மறுநாள் குளியலறைப் பக்கம் அதே குரல்: "சீக்கிரம், ஸ்குரூ வந்துடுச்சு."

அவள் ஜன்னல்களை அண்ணாந்து பார்த்தாள். கூடத்து ஜன்னல்களின் கம்பிச் சட்டமெல்லாம் ஸ்குரூவில்தான் நிற்கிறது. இவர்கள் எந்த ஸ்குரூவைக் கழற்றிவிட்டார்கள்?

அவள் கணவன் வண்டி ரிப்பேர் செய்கிறவன். "கத்தரிக்கோலால ஸ்குரூவக் கழட்ட முடியுமா?" என்று ராத்திரி அவனிடம் கேட்டாள்.

"மனசு வச்சா கரண்டியாலகூடக் கழட்டலாம்" என்றான் அவன், சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

காலையில் முதல் வேலையாகக் கண்காணிப்பாளரிடம் போய்ச் சொன்னாள். தையல் கூடத்தைப் பூட்டினார்கள். ஃபிட்டர் வந்து ஒவ்வொரு ஜன்னலாக உலுக்கிப் பார்த்தார்; ஒன்றும் அசையவில்லை. படுக்கைகளைப் புரட்டியதில் அகப்பட்டது ஒரு கண்ணாடிச் சில்லு மட்டும். வேலையில்லாமல் அறைகளில் அடைபட்ட பெண்கள் கம்பி வழியே அவளை முறைத்தார்கள். ஒன்றும் கிடைக்காததுதான் அவளை இன்னும் உறுத்தியது. இவ்வளவு சுத்தமாகவா இருப்பார்கள்?

அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். வெளியே ஆங்கில டீச்சராக இருந்தவள். அவளைத் தனியே கூப்பிட்டாள்.

"உண்மையச் சொல்லு. எந்த ஸ்குரூ?"

டீச்சர் தரையைப் பார்த்தாள். "நீங்கதான் மேடம்."

"என்னது?"

"இங்கிலீஷ்ல ஜெயில் காவலருக்குக் கைதிங்க வச்ச பேரு. முன்ன சாவிய அப்படிச் சொல்வாங்களாம், அதுல வந்துச்சுங்கிறாங்க. தண்டனையா கைதிங்களச் சுத்தவிடற மெஷினை, இன்னும் கஷ்டமாக்கக் காவலருங்க ஸ்குரூவ முறுக்கி இறுக்குவாங்களாம், அதுலதான்னும் சொல்றாங்க. எது சரின்னு எனக்கும் தெரியாது. இவங்களுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்."

"அதுக்கு, வர்றாங்கன்னு சொல்லக் கூடாதா? வருதாம்ல, வருது."

"ஸ்குரூ அஃறிணைதானே மேடம்."

வந்த சிரிப்பை அவள் பல்லைக் கடித்து அடக்கினாள். ஆனாலும் நம்பவில்லை. கல்லூரியில் ஆங்கிலம் படிக்கும் அக்கா மகளுக்குப் போன் போட்டாள்.

"ஆமா சித்தி, அப்படி ஒரு அர்த்தம் இருக்கு" என்றாள் அவள்.

"அது திட்டா?"

"மூஞ்சிக்கு நேரா சொன்னா திட்டுதான். அவங்களுக்குள்ள பேசிக்கும்போது சும்மா ஒரு பேரு. ஏன், யாராவது உங்களச் சொன்னாங்களா?"

"என்னை எவ சொல்லுவா? எங்கயோ படிச்சேன்."

டீச்சர் பெயரைச் சொன்னால் அவளைத் தனி அறையில் போட்டுவிடுவார்கள். அதனால் கண்காணிப்பாளரிடம், "எனக்குத்தான் தப்பாக் கேட்டுடுச்சு சார்" என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

கூடம் திறந்தது. அவள் உள்ளே போனபோது யாரும் எதுவும் சொல்லவில்லை, தலைகளும் கவிழவில்லை. கதவோரம் இருந்த பெண் மட்டும் லேசாக இருமினாள்.

நிஜ இருமல்தானா? அவள் வெகுநேரம் அங்கேயே நின்று, அந்தப் பெண்ணின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.