பாட்டு போட்டு மூடிய குரல்

என் அண்ணன் மகளுக்குத் தன்னைப் பெற்றவளின் முகம் தெரியும், போட்டோக்கள் இருக்கின்றன. குரல் தெரியாது. அவள் தத்தித் தத்தி நடந்த வயதிலேயே அண்ணி காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணன் திண்டிவனத்தில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டான். குழந்தை விழுப்புரத்தில் என்னிடம் வளர்ந்தாள். இப்போது அவளே வாயும் வயிறுமாக இருக்கிறாள். அந்த நேரத்தில்தான் ஒருநாள் கேட்டாள்.

"அத்தை, எங்கம்மா எப்படிப் பேசுவாங்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரல் எங்கே இருக்கிறது என்று தெரியும். இவள் பிறந்தபோது அண்ணன் ஒரு ஹேண்டிகேம் வாங்கினான். வாங்கியதுதான் அவன், படம் பிடித்தது எல்லாம் அண்ணி. யார் கையிலும் கேமராவைக் கொடுக்க மாட்டாள். அதனால் எந்த வீடியோவிலும் அவள் முகம் இருக்காது, பின்னால் இருந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய டிஜிட்டல் கேசட்டுகள். கேமரா எப்போதோ கெட்டுவிட்டது. கேசட்டுகள் அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்தன.

போன் செய்து கேட்டேன். "நீ எதுக்கு அலையற? இங்கயே ஸ்டுடியோல குடுத்து ஏத்திக்கினு வர்றேன்" என்றான்.

கொஞ்ச நாளில் பென் டிரைவ் வந்தது. டிவியில் சொருகிவிட்டு நானும் அவளும் உட்கார்ந்தோம். இதயங்கள் பறந்தன. நடுவில் 'இனிய நினைவுகள்' என்று எழுத்து மின்னியது. பிறகு சினிமாப் பாட்டு. ஒன்று முடிந்தால் அடுத்தது. காதுகுத்தில் குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது, அதற்கும் பாட்டு. மாடியில் காய்கிற மல்லாட்டைக் கடலையை வாரி இறைக்கிறது, அதற்கும் பாட்டு. படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஏதோ கேட்கிறார்கள், பதில் சொல்கிறார்கள். எல்லாம் அண்ணியிடம். வாய் மட்டும் அசைகிறது.

அண்ணன் மகள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பாட்டுதான் வீட்டை அடைத்தது.

"பின்னாடி எதுனா கேக்குதா அத்தை?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"ஸ்டுடியோக்காரன் போட்டுட்டான்மா. பாட்டு போட்டாத்தான் பாக்க நல்லா இருக்கும்னான். சரி வுடு, இதுக்குப் போயி பேஜாரு பண்ணிக்கினு" என்று வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் திண்டிவனம் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை அந்த ஸ்டுடியோக்காரனைத் திட்ட வேண்டிய வார்த்தைகளையே மனதுக்குள் சேர்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்தவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஸ்டுடியோக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "என்ன எதுக்குக்கா திட்றீங்க? உங்க அண்ணன்தான் பக்கத்துல நின்னுக்கினு சொன்னாரு. பின்னாடி பேசற லேடீஸ் வாய்ஸ் எங்கயும் வரக்கூடாது, பாட்ட போட்டு மூடிடுன்னாரு. கேசட்டையும் கையோட வாங்கிக்கினு பூட்டாரு."

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்றே தெரியாது. அவன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சின்ன அண்ணி, அவனுடைய இரண்டாவது மனைவி, சமையல்கட்டில் இருந்தாள்.

"ஏண்ணா அப்படிப் பண்ணின?" என்று கேட்டேன்.

அவன் சமையல்கட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "வீட்ல ஒருத்தி இருக்கா இல்ல? அவ மனசு நோகும்."

அது அவள் காதில் விழுந்துவிட்டது. ஈரக்கையோடு வெளியே வந்தாள். "இன்னாது? என் மனசா? நான் எப்பங்க அப்படிச் சொன்னேன்? அவங்க போட்டோவ இந்தச் செவுத்துலருந்து நான் எறக்கினேனா? வருஷா வருஷம் அவங்க தெவசத்துக்கு வடை சுடறது யாரு?"

அண்ணன் பேப்பரை மடித்தான், பிரித்தான். அவள் உள்ளே போய் ஒரு கேரி பேக்கைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். கேசட்டுகள். "குப்பையில போடச் சொன்னாருங்க. ஏதோ விசேஷத்துல எடுத்ததுன்னு போட மனசு வரல."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "என்னால அந்தக் குரல கேக்க முடியல. போதுமா?"

எனக்கு அப்போது இரக்கம் வந்திருக்கலாம். வரவில்லை, கோபம் இன்னும் ஏறியது. கேட்க முடியாதவன் கேட்காமல் இருந்திருக்கலாமே. தாயின் குரலைத் தேடுகிற பெண்ணிடமிருந்து அதை எடுத்துக் குப்பையில் போட இவன் யார்? அண்ணி இவனுக்கு மட்டுமா செத்தாள்? அந்தப் பழியையும் அடுப்படியில் நிற்கிறவள் தலையில் கட்டப் பார்த்தானே.

"உனக்குக் கேக்க முடியலன்னா காதப் பொத்திக்கோ. அவளுக்கு ஏன் இல்லாம பண்ற?" என்று கத்திவிட்டுக் கிளம்பினேன். சின்ன அண்ணி புடவை மாற்றிக்கொண்டு என்னோடு வந்தாள்.

ஸ்டுடியோவில் பழைய கேமரா ஒன்று ஓடும் நிலையில் இருந்தது. பாட்டு வேண்டாம், டைட்டில் வேண்டாம், எதையும் வெட்ட வேண்டாம் என்று சொன்னேன். கேசட் ஓடுகிற நேரம் முழுக்க ஓடினால்தான் கம்ப்யூட்டரில் ஏறுமாம். நாங்கள் இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்தோம். ஒரு கேசட் பூஞ்சை பிடித்து வெறும் கட்டம் கட்டமாக ஓடியது. மற்றவை பிழைத்தன.

"அய்ய, மூக்கு ஒழுகுது பாரு. யாராச்சும் தொடைங்களேன். நான் கேமராவ புடிச்சிக்கினு இருக்கேன் இல்ல?"

லேசாகக் கரகரத்த குரல். அந்தக் கரகரப்பை நான் மறந்தே போயிருந்தேன். சின்ன அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பேசறாங்க" என்றாள்.

விழுப்புரம் வந்து டிவியில் போட்டதும் அண்ணன் மகள் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சிரித்தாள். பிறகு ஹாலில் இருந்து எழுந்து போய்ப் பின்கட்டில் நின்று அழுதுவிட்டு வந்தாள். எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, அவள் லேப்டாப்பில் ஒன்று என்று ஏற்றி வைத்திருக்கிறோம். சின்ன அண்ணியும் தனக்கு ஒன்று கேட்டு வாங்கிப் போனாள். அவள் போடும்போதெல்லாம் அண்ணன் மாடிக்குப் போய்விடுகிறானாம்.

வளைகாப்புக்கு வந்திருந்தான். பந்தியில் உட்கார்ந்தான். நான்தான் பரிமாறினேன்.

"கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றான்.

ஊற்றினேன். அவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இலைக்கு நகர்ந்தேன்.