தோலோடு போன காரம்

சுக்கு வாங்குகிறவனுக்கு நாக்குதான் தராசு. அதனாலேயே வீட்டுச் சமையல் எதுவும் அவனுக்கு உறைக்காது. இந்தத் தொழிலில் நாக்கு வெந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வெள்ளைக்காரன் காலத்தில் ராசிபுரத்து மண்டி ஒன்றுக்காகக் கொல்லிமலை ஏறி இறங்கியதை நினைத்தால் இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆளுக்கொரு கத்தி

குண்டனி நாட்டுச் செல்லாயி அக்காவின் சுக்கு என்றால் மண்டியில் தனி மரியாதை. மூங்கில் பத்தையால் இஞ்சித் தோலை லேசாகச் சுரண்டி, பாறையில் காயவைப்பார். பழுப்பாக இருக்கும். எங்கள் முதலாளிக்கோ சுக்கு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும். மலையில் ஆளுக்கொன்று கொடுக்கச் சொல்லி, கத்திகளை வாங்கி என் தலையில் கட்டினார். கூர் பார்த்த அக்கா கேட்டார்: "ஏனுங்க, இது இஞ்சி சீவறதுக்கா, கெடா வெட்டறதுக்குங்களா?"

மாறாத முகம்

சுக்கு வெள்ளையாகவே வந்தது. வழக்கமாக வாங்கும் வைத்தியர் ஒரு துண்டைக் கடித்தார். காரம் உறைத்தால்தானே முகம் மாறும்? மாறவே இல்லை. மூட்டைகள் திரும்பின. மலை மண்ணே கெட்டுவிட்டது, இனி அங்கே கொள்முதல் கிடையாது என்றார் முதலாளி. எங்களை விட்டால் அக்காவிடம் வாங்க ஆளில்லை, வருஷப்பாடு வீணாகிவிடும். அதைச் சொல்லத்தான் மழையில் நனைந்துகொண்டு மலையேறினேன். அக்கா கொதித்துப் போனார்: "ஏஞ் சுக்குல காரமில்லீன்னு சொன்னது யாருங்க? அவிங்கள ஊட்டுக்கு வரச் சொல்லுங்க!"

ஒரு மடக்கு

கோபத்திலும் எனக்குச் சுடுதண்ணீர் கொடுக்க மறக்கவில்லை. சுக்கெல்லாம் விற்பனைக்குப் போய்விட்டதால், கத்தியால் சீவிய தோலைத்தான் அதில் போட்டுக் கொதிக்கவைத்திருந்தார். ஒரு மடக்குதான் குடித்தேன். கண்ணும் மூக்கும் ஒழுகின. உடனே பச்சை இஞ்சி ஒன்றைக் குறுக்கே அறுத்து, நடுச்சதையைத் தனியாகவும் தோலை ஒட்டிய சதையைத் தனியாகவும் இருவரும் மென்று பார்த்தோம். நடுவில் காரம் பேருக்குத்தான் இருந்தது. மருந்தெல்லாம் தோலுக்குச் சற்று அடியில் குடியிருந்தது. கத்தி அதையும் சேர்த்து வழித்துவிட்டது!

சீவலை மடியில் கட்டிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினேன். மென்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தோலை எடுக்கச் சொன்னா, சுக்கையே எடுத்துப்போட்டீங்களேப்பா!"

முதலாளி கொள்முதலைத் திரும்பத் தொடங்கினார். மிச்ச இஞ்சியெல்லாம் மூங்கில் பத்தையில் சுரண்டுபட்டுப் பழுப்பாகவே மண்டிக்கு வந்து விலைபோக, நான் மலைக்குச் சுமந்துபோன நாகரிகம் செல்லாயி அக்கா வீட்டில் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தது.