முனியம்மாள் நட்ட கல்

மாரண்டஹள்ளியில் எங்கள் தெருக்கோடியில் மூன்று சென்ட் பூங்கா ஒன்று இருக்கிறது. இரண்டு ஊஞ்சல், ஒரு சிமென்ட் பெஞ்சு, ஒரு வேப்பமரம். திறப்புவிழாக் கல்வெட்டில் பதினோரு பெயர்கள் இருக்கின்றன, முனியம்மாள் பெயர் இல்லை. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முனியம்மாள் தக்காளி மண்டியில் தரம் பிரிப்பவர். மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று போட்டிருந்த அந்த இடம் அவர் வீட்டுக்கு எதிரே குப்பைமேடாகக் கிடந்தது. விலை விழும் நாட்களில் அழுகிய தக்காளியைக் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். நாற்றம் குடலைப் பிடுங்கும். முனியம்மாள் கெஞ்சிப் பார்த்தார், சண்டை போட்டார், மனு கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. எட்டு வருடம் முன்பு ஒரு விடியலில் தனியாக எல்லாவற்றையும் அள்ளிப் பெருக்கி, வேப்பமரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதன்பின் ஒரு கூடைகூட விழவில்லை. இடம் சுத்தமான பிறகுதான் அது பூங்கா என்று அதிகாரிகளுக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் கல்லை யாரும் சும்மா விடவில்லை. விளக்கு வந்தது, சேலை வந்தது. பதவி உயர்வுத் தேர்வுக்கு முன் நானே மூன்று சுற்று சுற்றியிருக்கிறேன். ஏழு வருடமாகப் பிள்ளையில்லாத பக்கத்து வீட்டு சோபனா, அங்கே எலுமிச்சை விளக்குப் போட்டபின் ஒரு மகனைப் பெற்றாள். அவனுக்கு இப்போது மூன்று வயது.

சென்ற ஆடியில் பெரியவர் காளியப்பன் பூங்காவிலேயே தெருக்காரர்களைக் கூட்டினார். ஊஞ்சலைப் பிடுங்கிவிட்டு மூன்று சென்டிலும் கோயில் கட்டுவது என்று பேச்சு. எல்லோரும் தலையாட்டினோம். முனியம்மாள் வாய் திறந்தால் தெரு அவரை ஒதுக்கிவைக்கும், திறக்காவிட்டால் பூங்கா போய்விடும். ஆனாலும் எழுந்தார்.

"அது சாமி இல்லீங்க. எங்க வூட்டுத் தொவைகல்லு ஒடஞ்ச துண்டு. குப்ப கொட்டக்கூடாதுன்னு நாந்தான் நட்டேன்."

"ஏம்மா, எட்டு வருசமா எங்களக் கும்புட வெச்சியே! இனி உங்கூட யாரு பொழங்குவா?" என்று குதித்தார் காளியப்பன்.

"பொழங்காட்டிப் போகட்டுங்க. எடம் கொழந்தைங்களுது."

பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த சோபனா முன்னால் வந்தாள். "அக்கா, அப்ப எம்புள்ள?"

முனியம்மாள் அந்தக் கேள்விக்குத்தான் பயந்திருந்தார். "உன் வேண்டுதல் பொய்யில்ல சோபனா. எந்தச் சாமி கேட்டுச்சோ, எனக்குத் தெரியல. கல்லு மட்டுந்தான் என்னுது" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

சோபனா பிள்ளையை இறக்கிவிட்டாள். அவன் நேரே ஊஞ்சலுக்கு ஓடினான்.

"கோயிலுக்கு வேற எடம் பாருங்க," என்றாள் காளியப்பனிடம். "மண்ணு சொமக்க நானும் வர்றனுங்க. ஊஞ்சலப் புடுங்குனா எம்புள்ள அழுவான்."

அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கை தூக்கினோம். முனியம்மாள் தனியாக நின்றபோதே என் கை மேலே போயிருக்க வேண்டும். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.