காக்கா தேய்த்த கேம்சாஃப்ட்

மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் காயவைத்த இரும்பின் மணம் எங்கிருந்தாவது வந்தால் எனக்குப் பதினைந்து வயதாகிவிடுகிறது. கல்முனையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில், பத்திரிகைத் தாளின்மேல் இரண்டு கேம்சாஃப்டுகள் கிடக்க, நானும் என் மூத்த சகோதரரான ‘காக்கா’வும் அவற்றின் முன்னால் குந்தியிருக்கிறோம்.

எஞ்சின் எப்போது எவ்வளவு மூச்சு இழுப்பது என்பதை அந்தத் தண்டிலுள்ள மேடுகள்தான் தீர்மானிக்கும். ஒன்று, காக்கா கொழும்பில் பழைய சாமான் கடையில் தேடிப்பிடித்த ரேஸ் கேம்சாஃப்ட்; ‘கேம்’ என்றுதான் சொல்வோம். மேடு பெரியது, மெதுவாக ஓடும்போது திணறும், வேகம் பிடித்த பிறகு பறக்கும். மற்றது வாப்பாவின் மோட்டர் சைக்கிளில் முதலிலிருந்தே இருந்தது. அதன் மேடுகளில் வெல்டிங் வைத்து, ஆறு மாதம் சாணைக்கல்லில் தேய்த்துத் தேய்த்து, எடுத்த எடுப்பிலேயே இழுக்கும்படி காக்கா தன் கையால் மாற்றியிருந்தார். அது ஓடி அவர் இன்னும் பார்க்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, நற்பிட்டிமுனையிலிருந்த அவருடைய கூட்டாளி றிஸ்வியோடு போட்டி, தோற்றவர் கேமைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காக்கா கட்டாருக்கு வேலைக்குப் போகக் கொழும்பு பஸ் ஏறவேண்டும்.

எடை குறைந்தவன் என்பதால் போட்டியில் வாப்பாவின் மோட்டர் சைக்கிளை ஓட்டுகிறவன் நான். “எதடா போடுவம்?” என்று அவர் கேட்டதும் பெரியதைக் காட்டினேன். அதன் ‘டுப்... டுடுப்’ சத்தத்தை ஊரே திரும்பிப் பார்க்கும் என்ற ஆசைதான், ஆனால் வாயால் சொன்னது வேறு: “மதகுல இருந்து மத்த மதகு வரைக்கும் நீளமான ரோட்டுத்தானே காக்கா.” அவர் தன்னுடையதைத் துணியில் சுற்றினார். தேவைக்கு மேலாகவே சுற்றினார்.

அது வெள்ளாமை வெட்டும் காலம் என்பதை இருவரும் மறந்திருந்தோம். எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததில் எங்கள் வயலே வெட்டி முடிந்ததுகூடத் தெரியாது. ஜும்ஆ தொழுகை முடிந்து போய்ப் பார்த்தால், பாதித் தூரத்துக்கு ரோட்டின் ஒரு பக்கம் முழுக்கப் படங்கு விரித்து நெல் காய்கிறது. இரண்டு மோட்டர் சைக்கிள் சேர்ந்து போக வழியில்லை.

“ஆர்ர நெல்லெண்டு பாரு மச்சான்,” றிஸ்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “உங்கட வாப்பாடதான்! போய்க் காலப் புடி.”

காக்கா போய்க் கேட்டார். தலையில் துவாயோடு நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த வாப்பா நிமிரவில்லை.

“இன்னொரு வெயில் காணணும் மகன். உங்கட ஓட்டத்த நாளைக்கு வைங்க.”

“நாளைக்கு நான் இல்லயே வாப்பா.”

வாப்பாவின் கால் கொஞ்சம் நின்றது. பிறகு கிளறியது.

மிஞ்சிய துண்டு ரோட்டில் ஓடினோம். என் எஞ்சின் வேகம் பிடிப்பதற்குள் றிஸ்வி கோட்டைத் தாண்டிவிட்டான். காக்கா அங்கேயே குந்தியிருந்து கேமைக் கழற்றி, உடுத்திருந்த சறத்தின் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார். “நல்ல சாமான். பழுதாக்கிராத,” என்று மட்டும் சொன்னார். வாப்பா வயலுக்குப் போகவேண்டுமே, அதனால் சனி காலையில் மிஞ்சியிருந்த தன்னுடைய கேமை மோட்டர் சைக்கிளில் பூட்டினார். அவரைப் பின்னால் ஏற்றி, பேக்கை மடியில் வைத்து, பஸ் நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோனேன்.

இப்போது அங்கே வழுவழுப்பான காபட் வீதி. நெல்லை வயலிலேயே ஈரத்தோடு வாங்கிப்போகிறார்கள், ரோட்டில் ஒரு நெல்மணிகூடக் காய்வதில்லை. மோட்டர் சைக்கிளும் இல்லை, வாப்பாவும் இல்லை. காக்கா லீவில் வரும்போதெல்லாம் எத்தனையோ கதைப்போம், கேமைப் பற்றி மட்டும் கதைப்பதில்லை. கதைத்தது அன்று பஸ்ஸின் மிதிபலகையில் அவர் கால் வைத்த நேரத்தில்தான்.

“உங்கட கேம் எப்பிடி காக்கா?”

“பின்னால இருந்தவனுக்கு என்ன தெரியும்? ஓட்டினது நீ. நீதான் சொல்லணும்.”

“சத்தமே இல்ல காக்கா,” என்றேன். “ஆனா இழுக்குது.”