கரி விழுந்த நாற்பது தாள்கள்

காலை ஐந்து ஐம்பது. மொட்டை மாடிக்கு ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கத்தரிக்கோல். உண்மையான கத்தரிக்கோல் என் மனைவியின் கையில் இருந்தது. இரவு முழுக்கத் தாளின் மேல் கிடந்ததை அப்போதுதான் அவள் தூக்கியிருந்தாள். அது கிடந்த இடம் மட்டும் வெளுப்பு. சுற்றிலும் கரி.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறம் எங்கள் தெரு. பக்கத்தில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. விடிந்தால் மாடித் தரையிலும் துணிக்கொடியிலும் தண்ணீர்த் தொட்டி மூடியிலும் கருப்பாக ஒரு படலம் இருக்கும். விரலில் எடுத்தால் மாவு போல ஒட்டும். வெயிலில் காட்டினால் அதில் கலந்த இரும்புத் துகள் மினுக்கும். தெருவே அதைத் துடைத்துக்கொண்டிருந்தது. என் மனைவி அதைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். வார்ப்பு பாகங்களில் கீறல், குமிழ், வெடிப்பு இருக்கிறதா என்று எட்டு மணி நேரம் பார்ப்பது வேலை. அது சம்பளத்துக்கு. கவின்கலைக் கல்லூரியில் படித்த காலத்திலிருந்து அவள் சர்ரியலிச ஓவியர். கனவில் நடப்பதைப் போல, சம்பந்தமே இல்லாத இரண்டு பொருட்களை ஒரே படத்தில் சந்திக்க வைப்பதும், என்ன வரையப் போகிறோம் என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடுவதும் அந்த முறையின் அடிப்படை. மின்சார ரயிலின் தரைத் தகட்டில் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்திருக்கிறாள். தேய்த்ததில் ஏழு கதவுகள் உள்ள ஓர் எருமை கிடைத்தது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே சாயத்தை வைத்து அழுத்திப் பிரித்திருக்கிறாள். மெழுகுவத்திப் புகையைத் தாளில் பிடித்திருக்கிறாள். இருபது ஆண்டுப் படங்கள் கட்டிலுக்கடியில் இருந்தன. ஒன்றுகூட விலை போனதில்லை. அதை அவள் குறையாகச் சொல்லிக் கேட்டதும் இல்லை.

கரிப் படங்களின் முறை இது. கெட்டியான பருத்தித் தாளில் கருவேலம்பிசின் கரைசலை மெல்லியதாகப் பூசிக் காயவிடுவாள். பொழுது சாய்ந்ததும் தாளை மாடியில் விரித்து, வீட்டில் கைக்குக் கிடைத்த பொருட்களை அதன் மேல் வைப்பாள். கத்தரிக்கோல், சீப்பு, சாவி, இறால் ஓடு, ஒற்றைக் காலுறை. பனி இறங்கும் என்று தோன்றினால் வைக்க மாட்டாள். காலையில் பொருட்களை எடுத்துவிட்டு, தாளுக்கடியில் ஒரு காந்தத்தை மெதுவாக நகர்த்துவாள். மேலே கரி எழுந்து நிற்கும். காந்தம் போன பக்கம் ஊர்ந்து போகும். மயிரிழை போல, வேர் போல, மழை போலக் கோடுகள் விழும். அதன் பிறகு தாளை மூச்சுகூடப் படாமல் கீழே கொண்டுபோக வேண்டும். கீழ் வீட்டில் இட்லிக் கடை நடத்தும் பெண், குண்டானின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆவி பட்டதும் பிசின் இளகிக் கரியைப் பிடித்துக்கொள்ளும்.

"சீக்கிரம் காட்டுக்கா, ரெண்டாவது ஈடு வேகணும். எம்புருசனுக்கு இட்லி, உனுக்கு கரி. ஒரே குண்டான்ல ரெண்டு நாஷ்டா."

கடைசியாக மனைவி பென்சிலை எடுப்பாள். வெள்ளையாக நிற்கும் வடிவத்தை நெடுநேரம் பார்த்து, சில கோடுகள் மட்டும் சேர்ப்பாள். சீப்பு, பற்களெல்லாம் வேர்விட்ட ரயிலானது. கத்தரிக்கோல், இரண்டு முகங்களுடன் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கானது.

தாளின் பின்புறத்தில் எழுதும் வழக்கம் என்னால் வந்தது. நாளிதழில் மாவட்டச் செய்தியாளனாக இருந்தவன் நான். எங்கே, எப்போது என்று கேட்காமல் என்னால் எதையும் பார்க்க முடியாது. முதல் தாளைக் காட்டியபோதே கேட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தாளின் பின்னாலும் தேதி, வைத்த நேரம், எடுத்த நேரம், காற்றின் திசை, வைத்த பொருள் ஆகியவற்றைக் குறித்தாள். கையெழுத்து மட்டும் போடவில்லை. வாங்கிய ஒரு கட்டுத் தாளில் நாற்பது இருந்தது. நாற்பதும் ஒரே படம் என்றாள். நாற்பதாவது முடிந்து, எல்லாம் ஒன்றாகப் போய்ச் சேரும் இடம் தெரிந்த பிறகுதான் கையெழுத்து.

நாற்பதாவது தாள் முடிந்த வாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம், இப்போது மண்ணடியில் கடை. ஓவியர்களின் அசல் படங்களைத் தேடிச் சேர்ப்பவர். கைப்பேசியில் அவள் போட்டிருந்த படங்களைப் பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். மனைவி கீழே போய் இட்லிக் கடைப் பெண்ணிடம் ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தாள்.

"ஞாயித்துக்கெழம கலெக்டர் வர்றாரு. காலைல ஊட்லதான் இருப்பேன்."

ஞாயிறு பத்து மணிக்கு எங்கள் வாசலில் பதினொரு பேர் நின்றார்கள். தெருவில் தண்ணீர் தெளித்திருந்தது. இட்லிக் கடைப் பெண்ணின் கையில் ஆலைக் கரி பற்றிய மனு இருந்தது. தோளில் கரி படிந்த வெள்ளை வேட்டி, சாட்சிக்கு. ஸ்டேஷனிலிருந்து வந்த ஆட்டோவிலிருந்து வெள்ளைத் தொப்பியும் கைக்குடையுமாக ஒரு பெரியவர் இறங்கினார்.

"இன்னாக்கா, கலெக்டரு ஆட்டோல வர்றாரு?"

"சிம்பிளா இருப்பாரு போல. நீ மனுவ நீட்டு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

இட்லிக் கடைப் பெண் நீட்டினாள். பெரியவர் வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தார். பிறகுதான் சொன்னார்.

"அம்மா, நான் படம் சேக்குற கலெக்டர். நீங்க தேடுற ஆளு திருவள்ளூர்ல இருக்காரு."

பின்வரிசையில் யாரோ சிரிக்க, எல்லாரும் சிரித்தார்கள். இட்லிக் கடைப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"படமோ பாடமோ, வந்துட்டீங்க பாய். மாடிக்கு வந்து ஒரு தபா பாத்துட்டு போங்க. அவரு பாக்கல, நீங்களாச்சும் பாருங்க."

பெரியவர் மாடி ஏறிப் பார்த்தார். விரலை வைத்து எடுத்து, கைக்குட்டையில் துடைத்து, அந்தக் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

கூடத்தில் நாற்பது தாள்களையும் தரையில் பரப்பியிருந்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்தபடியே ஒவ்வொன்றாகப் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆனது. பின்புறக் குறிப்புகளையும் படித்தார். கடைசியில் கத்தரிக்கோல் தாளின் அருகே உட்கார்ந்தார்.

"இத எனக்குக் குடுங்கம்மா. கையெழுத்து போட்டுக் குடுங்க."

"ஒண்ணொண்ணா தர்றதில்ல பாய். நாப்பதும் சேந்துதான் ஒரு படம்."

"நாப்பதையும் எந்தச் சுவத்துல மாட்டுவேன்? வேற யாராவது வந்து கேட்டிருக்காங்களா?"

"இல்ல."

"அப்புறமும் மாட்டேங்கிறீங்க."

"மாட்டேன் பாய். டீ ஆறுது, குடிங்க."

அவர் குடித்தார். யோசித்துச் சொல்வதாகப் போனார்.

அவர் போனதும் இட்லிக் கடைப் பெண் உள்ளே வந்தாள். தெருக்காரர்கள் முன்பு கொடுத்த ஒரு மனுவுக்கு வந்த பதில் அவளிடம் இருந்தது: தூசி படிந்ததற்குத் தேதியும் நேரமும் குறிப்பிட்ட ஆதாரங்களை இணைக்கவும். அவள் தரையில் கிடந்த ஒரு தாளைத் திருப்பி, பின்புறத்தில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இன்னொன்றைத் திருப்பினாள்.

"எக்கா. தேதி, மணி, காத்து எல்லாம் எழுதி வெச்சிருக்கியே."

மனைவி தாள்களை வரிசைப்படி அடுக்கினாள். நாற்பதையும் ஒட்டுப்பலகைப் பெட்டியில் வைத்து மூடினாள். "நாளைக்கி லீவு சொல்லிட்றேன்" என்றாள்.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்கும் நாள் திங்கள். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூருக்கு ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே வந்து, வண்டி மாறி, மேற்கே போக வேண்டும். நாங்கள் மூவர். பெட்டி ஜன்னலோரம், மனைவியின் மடியில். பேசின் பிரிட்ஜ் நடைமேடையில் இறங்கியபோது மணி எட்டு நாற்பது. அவளுடைய கைப்பேசி அடித்தது. சத்தத்தில் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"தங்கச்சி, ராத்திரி தூங்கல. நாப்பதையும் எடுத்துக்கிறேன். ஒரே ரூம், நாலு சுவரு, அதுக்குன்னே ஒழிச்சிட்றேன். இன்னிக்கே கொண்டாங்க. நாளைக்கு நான் வெளிநாடு போறேன், வர மாசக் கணக்காவும்."

"பாய், நாங்க திருவள்ளூர் போய்க்கினு இருக்கோம். மனுவோட இத வெக்கப் போறோம்."

"அங்க குடுத்தா சீல் குத்துவாங்க, நூல் கோத்துக் கட்டுவாங்க. அப்புறம் அது படமில்ல, ஃபைலு. ஜெராக்ஸ் குடுங்களேன்."

"ஜெராக்ஸ்ல காந்தம் ஒட்டாது பாய்."

இட்லிக் கடைப் பெண் மனைவியின் முழங்கையைப் பிடித்தாள். "போக்கா. இருவது வருசமா ஒருத்தன் வர்ல. நாங்க வேற எதுனா பண்ணிக்கிறோம்."

"வேற இன்னா பண்ணுவ?"

"வேட்டி கீது."

"வேட்டில தேதி கீதா?"

மனைவி கைப்பேசியை வாயருகே கொண்டுபோனாள். "பாய், கேட்டதுக்கு சந்தோசம். நாப்பதும் ஒண்ணா ஒரு எடத்துல இருக்கணும்னு சொன்னேன் இல்ல, அந்த எடம் இன்னிக்கி திருவள்ளூரு. வெச்சிட்றேன்." மண்ணடிக்குப் போக ஏற வேண்டிய சென்ட்ரல் வண்டி வந்து, நின்று, போனது. அடுத்து வந்த திருவள்ளூர் வண்டியில் ஏறினோம். ஆவடி தாண்டியதும் இட்லிக் கடைப் பெண் தூக்குச்சட்டியைத் திறந்தாள்.

மனுப் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்த பெண் எழுத்தர் பெட்டியைத் திறந்து முதல் தாளைப் பார்த்தார்.

"இது இன்னாமா, கொக்கா?"

"கத்தரிக்கோல்."

"கொக்கு மாதிரி கீது."

"ஆமா."

எழுத்தர் தாளைத் திருப்பினார். குறிப்பை நிதானமாகப் படித்தார். அடுத்த தாளையும் திருப்பினார். "அசல நீங்களே வெச்சுக்குங்க. நகல் குடுத்தா போதும், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். மனைவி பையிலிருந்து நூலில் கட்டிய சின்னக் காந்தத்தை எடுத்து, தாளின் கரி அடர்ந்த மூலையருகே தொங்கவிட்டாள். காந்தம் சாய்ந்து, தாளில் ஒட்டி நின்றது. பக்கத்து வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முந்தின நாள் எடுத்திருந்த ஒரு ஜெராக்ஸை வைத்து அதன் அருகிலும் காந்தத்தைத் தொங்கவிட்டாள். அது நேராகத் தொங்கியது.

எழுத்தர் தானும் ஒரு முறை காந்தத்தை வாங்கிச் செய்து பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"மனுல எத்தினி இணைப்புன்னு எழுதணும்."

"நாப்பது."

"ஒவ்வொரு இணைப்புலயும் மனுதாரர்ல ஒருத்தர் கையெழுத்து வேணும். இல்லன்னா வாங்க முடியாது."

மேசைக் காலில் நூலால் கட்டியிருந்த பந்துமுனைப் பேனா, நின்றுகொண்டு எழுத நீளம் போதவில்லை. மனைவி முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதல் தாளை எடுத்து வலது கீழ் மூலையில் கையெழுத்துப் போட்டாள். ஊதினாள். அடுத்ததை எடுத்தாள். வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். இட்லிக் கடைப் பெண் அவர்களைப் பார்த்துத் திரும்பி, "அம்மா படத்துக்கு கையெழுத்து போட்டுகினு கீறாங்க, செத்த பொறுங்க" என்றாள். பேனா இருபத்தாறாவது தாளில் தீர்ந்தது. என்னுடையதைக் கொடுத்தேன். முடிக்கப் பதினெட்டு நிமிடம் ஆனது.

எழுத்தர் ஒவ்வொரு தாளின் பின்புறத்திலும், காற்றின் திசை எழுதியிருந்த வரிக்குக் கீழே, முத்திரை வைத்தார். ஒப்புகைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். அதில் நீல மையில் எழுதியிருந்தது: இணைப்பு 40. அனைத்தும் அசல்.