ஆர்.வி.க்குப் பூசிய திருநீறு

"வாகனத்தின் வெளிப்புறத்தில் எதையும் ஒட்டவோ பூசவோ கூடாது." வாடகை ஒப்பந்தத்தில் இருந்த இந்த விதியை, போன கோடையில் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு வாசலில் நின்று மனைவிக்கு உரக்க வாசித்துக் காட்டினேன்.

"நீங்கள் வாசியுங்கோ, நான் பூசுறன்" என்றார். கட்டிலும் கழிவறையும் அடுப்புமாக வந்து நின்ற அந்தப் பெரிய ஆர்.வி.யின் நெற்றியில் மூன்று திருநீற்றுப் பட்டை, நடுவில் குங்குமப் பொட்டு.

அவருக்குப் புற்றுநோய்ச் சிகிச்சையின் முதற்கட்டம் முடிந்திருந்தது. அடுத்தது தொடங்க ஒரு வாரம் இருந்தது. நினைத்த நேரத்தில் படுக்க வேண்டும் என்பதால்தான் ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்தோம். வருடா வருடம் தொலைக்காட்சியில் பார்க்கும் ரொறன்ரோவின் பெரிய குதிரைப் பந்தயத்தை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும், அந்தக் குளம்புச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முதலில் நயாகரா போனோம். நீர்வீழ்ச்சி எதிர்பார்த்தபடியே விழுந்துகொண்டிருந்தது. திரும்பும் வழியில் ரெக்ஸ்டேல், பந்தயத் திடல்.

வாகனத் தரிப்புக்கு நான் முன்பதிவு செய்திருந்தேன். வாசலில் நின்ற பெண் அதைப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: இது காருக்கான அனுமதி. முப்பது வருடம் அரச அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களில் பிழை பிடித்தவன் நான். அவர் சொன்னது முற்றிலும் சரி.

பின்னால் ஹோர்ன் சத்தம். பக்கத்துக் குடியிருப்புத் தெருவுக்குள் திருப்பினேன். பெரிய பந்தயம் தொடங்கப் போகிற நேரம். நடந்து போகிற தூரமில்லை, நடக்கிற நிலையில் மனைவியும் இல்லை.

"பரவாயில்லையப்பா, வீட்டை போவம்" என்றார். அதைச் சொன்ன குரலைத்தான் தாங்க முடியவில்லை.

அப்போது இடுப்பில் லுங்கிபோலச் சாரம் கட்டிக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் குழாயைப் போட்டுவிட்டு வந்தார்.

"எங்கட ஆக்கள்தானே? வேற ஆர் அண்ணை ஆர்.வி.க்குத் திருநீறு பூசுவினம்!"

விஷயத்தைச் சொன்னேன். உடனே தன் காரை வெளியே எடுத்துவிட்டு, ஆர்.வி.யைத் தன் முற்றத்தில் விடச் சொன்னார்.

"தம்பி, இவ்வளவு பெரிய வாகனத்தை வீட்டு முற்றத்தில விட மாநகரசபை விதி..."

"விதியைப் பிறகு பாப்பம் அண்ணை. முதல்ல அக்காவை இறக்குங்கோ."

சாரத்தோடேயே காரை ஓட்டி, திடல் வாசலுக்கு மிக அருகில் எங்களை இறக்கிவிட்டார். வேலியோரம் போய் நின்றதும் குதிரைகள் வந்தன. நிலம் அதிர்ந்தது. குதிரை பார்க்க வந்த மனைவி கண்ணை மூடிக்கொண்டார், முகம் முழுக்கச் சிரிப்பு. எந்தக் குதிரை வென்றது என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

கழுவியும் குங்குமக் கறை போகவில்லை. முறைப்படி நானே குற்றத்தை ஒப்புக்கொண்டு வாடகை நிறுவனத்துக்கு எழுதினேன். மாதக்கணக்கில் பதில் இல்லை. வந்தபோது ஒரே வரி: கறை எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை.

படவேண்டியவர் கண்ணில் அது அன்றைக்கே பட்டுவிட்டது. அதற்குப் பிறகு, விதியை வாசித்துக் காட்ட வாய் திறக்கும் போதெல்லாம் அந்தச் சாரம் கட்டிய மனிதர் நினைவுக்கு வருகிறார்; பாதியில் நிறுத்திவிடுகிறேன். வாடகை நிறுவனத்தின் அந்தப் பதில் வந்த நாள் தைப்பொங்கல். சிகிச்சை முடிந்த மனைவி, பால் பொங்குவதைப் பார்த்தபடி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தார்.