மூடிய கூட்டின் முன்னால்

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி மூச்சு விடுவார்கள் என்று என் அண்ணனுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக லிஃப்ட் பழுது பார்ப்பதுதான் அவன் தொழில். கதவில் காதை ஒட்டவைத்துக் கேட்பான். உள்ளே இருப்பவர் மூச்சு வாங்கினால் பரவாயில்லை, திட்டினால் ரொம்ப நல்லது, மூச்சு விட்டு விட்டு வந்தால் மட்டும் கை ஓடாது என்பான்.

"நாலு கம்பி இருக்குங்க. ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் விழாது. கீழ உக்காருங்க, செருப்பைக் கழட்டிடுங்க" என்று கதவுக்கு இந்தப் பக்கம் பேசிக்கொண்டே ஸ்பேனரை எடுப்பான். செருப்பை எதற்குக் கழற்றச் சொல்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணுத்துக்கும் இல்ல. பயந்தவங்களுக்குச் செய்ய ஒரு வேலை வேணும்ல."

அந்த வருடம் அவனுக்கே அப்படி ஒரு வேலை தேவைப்பட்டது. அண்ணி பிரிந்து போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் மகளை நாங்கள் மிளகு என்றுதான் கூப்பிடுவோம், பதினோரு வயது. சனிக்கிழமை மட்டும் காலையிலிருந்து மாலைவரை அவள் என் அண்ணனோடு இருப்பாள். அந்தச் சனிக்கிழமையையும் நிறுத்தச் சொல்லி அண்ணி மனு போட்டிருந்தார். அப்பா பொறுப்பில்லாதவர், குழந்தைத்தனமானவர், பெண் குழந்தையைத் தனியாக அனுப்பத் தைரியம் வரவில்லை என்று அதில் இருந்தது. ‘குழந்தைத்தனமானவர்’ என்ற சொல்லின் கீழே அண்ணன் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். வீட்டில் போன் அடித்தால் அவன் கையிலிருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும்.

அண்ணி அப்படி எழுதக் காரணம் இருந்தது.

‘தபால் நத்தை’ நான்கு வயதுக் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன். தொப்பி போட்ட நத்தை ஒன்று வீடு வீடாகக் கடிதம் கொண்டுபோகும். ஒவ்வொரு முறையும் வழியில் எதையாவது கண்டு பயந்து, கூட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்ளும். தவளை, தும்பி, ஸ்பேனர் வைத்திருக்கும் வண்டு எல்லாம் வந்து கூட்டின்மேல் மூன்று தட்டுத் தட்டி, "அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொள்ளும். உள்ளிருந்து ஒரு தட்டு வந்தால், இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். இரண்டு தட்டு வந்தால், இதோ வருகிறேன். கடிதம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

மிளகுக்கு நாலு வயதில் விடாத காய்ச்சல் வந்தபோது அண்ணன் அவளை மூன்று நாள் மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்திருக்கிறான். எட்டு வயதில் அவள் "பாப்பாங்க பாக்கறது" என்று விட்டுவிட்டாள். அவன் விடவில்லை. "நாள் பூரா எல்லாரும் எங்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு நேரம் ஆகும். அதுல மட்டும்தான் யாரும் யாரையும் அவசரப்படுத்தல" என்றான்.

அவனைப்போல இன்னும் இருபது முப்பது பேர் இருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு மதியம் டயர் கடை மாடியிலிருந்த நடன வகுப்பு அறையில் கூடுவார்கள். சுவர் முழுக்கக் கண்ணாடி. வந்ததும் முதல் வேலையாக அதைப் பெட்ஷீட் போட்டு மூடிவிடுவார்கள். எல்லாரும் வேஷத்தில் இருப்பார்கள், வேஷம்தான் பெயர்: தவளை, தும்பி, பெரிய நத்தை; அண்ணன் வண்டு. வெளிப்பெயர் கேட்கக் கூடாது, தொழில் கேட்கக் கூடாது. போனை வாசலில் இருக்கும் நீல வாளியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்னொன்று: அறை நடுவில் வைத்திருக்கும் நத்தைக் கூட்டுக்குள் யாராவது போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் தட்டலாம், காத்திருக்கலாம், திறக்கக் கூடாது. அந்த மாதம் யாருக்குத் தாங்கவில்லையோ அவர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்வார். கதை நடிப்பதுபோல் ஆரம்பித்த பழக்கம், பிறகு அதற்காகவே ஆட்கள் வந்தார்கள்.

ஃபைபரில் அந்தக் கூட்டைச் செய்தவனே அண்ணன்தான். ஒரு ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார இடம். கதவுக்கு உள்ளேயிருந்து மட்டும் தாழ்.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து, அவன் வீட்டு ஹாலில் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்த சமயம் அது. "ஒண்ணு நிக்காம ஓடுது. இன்னொண்ணு கூடு கட்டி உக்காருது. நான் பெத்த லட்சணம்" என்று அம்மா போனில் சொன்னாள். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அண்ணிக்கு, அவன் கார்ட்டூன் பார்ப்பது தெரியும், வேஷம் தெரியாது.

வழக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று முடிவானது. அண்ணனின் வக்கீலம்மா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் பதினோரு நாள் சாதாரண ஆளா இருங்க சார். அது போதும். வேற எதுவும் நீங்க பண்ண வேண்டாம்."

அந்தப் பதினோரு நாளில் ஒரு ஞாயிறு இருந்தது.

"போகாதே" என்றேன்.

"பெரிய நத்தை போன கூட்டத்துலயே வரச் சொன்னார். அவருக்கு மனசு சரியில்லையாம். குரலே ஒரு மாதிரி இருந்துச்சு."

"அவர் யாரு, என்ன, ஏதாவது தெரியுமா உனக்கு?"

"பதினோரு மாசமா தெரியும்."

"பேரு?"

அவன் வண்டு உடையை இரண்டு பைகளில் திணித்துக்கொண்டிருந்தான். பச்சை உடம்பு, பஞ்சு அடைத்த நாலு உபரிக் கைகள், உணர்கொம்பு வைத்த தலை. நானும் கூடப் போனேன். வாளிக்குக் காவல் நான்.

அன்று இருபத்து மூன்று பேர். தவளை வேஷம் போட்ட அம்மாள்தான் கூட்டத்தை நடத்துபவர். பெரிய நத்தை வந்தவுடன் தொப்பியைத் தொட்டு எல்லாருக்கும் வணக்கம் சொன்னார், வயதான குரல். பத்து நிமிடத்தில் கூட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ் விழுந்த சத்தம் வாசல்வரை கேட்டது. எல்லாரும் போய் மூன்று தட்டினார்கள். "அவசரமில்லை." உள்ளிருந்து ஒரு தட்டு. சுற்றி உட்கார்ந்தார்கள்.

மேலே தகரக் கூரை. மதிய வெயில். மின்விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. கால் மணி நேரம் கழித்துத் தவளையம்மாள் மறுபடி தட்டினார். ஒரு தட்டு வந்தது. தும்பி வேஷக்காரரின் பையிலிருந்து தண்ணீர் பாட்டில் உருண்டது, யாரோ சிரித்தார்கள். இன்னும் கால் மணி. மறுபடி தட்டினார்கள். இந்த முறை பதில் வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு ஒரு தட்டு, மெதுவாக.

"பாவம், இன்னிக்கு ரொம்பத்தான் தாங்கலபோல" என்றார் தவளையம்மாள். எல்லாரும் தலையாட்டினார்கள். மூடிய கூட்டைச் சுற்றி இத்தனை பூச்சிகள் அன்பாக உட்கார்ந்திருந்தன.

அண்ணன் மட்டும் எழுந்தான். வண்டுத் தலையைக் கழற்றினான். அங்கே யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. இரண்டு பேர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவன் மண்டியிட்டுக் கூட்டில் காதை வைத்தான்.

"அது விரல் முட்டி இல்ல" என்றான்.

"என்னப்பா?"

"தட்டினது விரல் இல்ல. தலை."

"வண்டு, திறக்கக் கூடாது. அவர் பதில் சொன்னாரே" என்று தவளையம்மாள் அவனுடைய பஞ்சுக் கைகளில் ஒன்றைப் பிடித்தார். அது பிய்ந்து அவர் கையோடு வந்தது.

"மூச்சு விட்டு விட்டு வருதும்மா!"

வெளியிலிருந்து ஒரு வழி இல்லாமல் எந்தக் கதவையும் அவன் செய்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கூட்டின் சுருளுக்கு அடியில், பெயின்டுக்குக் கீழே ஒரு திருகாணி. இந்த ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறான். நகத்தால் பெயின்டைச் சுரண்டினான். நான்கு சுற்று. கதவு கழன்று விழுந்தது. சூடான காற்று முகத்தில் அடித்தது. உள்ளே நத்தை உடையில் அறுபதைத் தாண்டிய ஒருவர் மடிந்து கிடந்தார். கழுத்து தொய்ந்து, நெற்றி ஃபைபரில் மோதி மோதி வந்தது. உடம்பு வெட்டிக்கொண்டிருந்தது.

வாளியைக் கவிழ்த்தேன். இருபத்து மூன்று போன். அவருடையது எது என்று எவருக்கும் தெரியவில்லை. பேரும் தெரியவில்லை, வீடும் தெரியவில்லை. சர்க்கரை நோய் உண்டா என்று கேட்டால் இருபத்திரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குப் பிடித்த பகுதி எது என்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஆம்புலன்ஸ் வந்தது. மாடிப்படி குறுகல்; ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையை அண்ணன் பிடித்தான். தலை திறந்து, வியர்வையில் முடி நட்டுக்கொண்டு, மிச்சமிருந்த மூன்று பஞ்சுக் கைகளும் படிக்குப் படி ஆட, அவன் இறங்கினான். கீழே டயர் கடை வாசலில் கூட்டம். எல்லார் கையும் உயர்ந்திருந்தது. உயர்ந்த கைகளில் போன்.

அதை அவன் பார்த்தான். எனக்குத் தெரியும், பார்த்தான்.

மருத்துவமனைக் கவுன்டரில், "பேஷன்ட் பேர்?" என்று கேட்டார்கள். "பெரிய நத்தை" என்று சொல்லிவிட்டுத் தவளையம்மாள் அழத் தொடங்கினார். பெண் டாக்டர் வெளியே வந்து, "இவர் எங்க இருந்தார்? எவ்வளவு நேரம்?" என்றார். பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் நோட்டோடு நின்றார்.

நான் அண்ணன் காதருகே போய், "பிறந்தநாள் விழா, மயங்கிட்டார்னு சொல்லேன். வியாழக்கிழமையை நினைச்சுப் பாரு" என்றேன்.

அவன் டாக்டரைப் பார்த்தான். "நாப்பது நிமிஷம். காத்து இல்லாத கூட்டுக்குள்ள, கனமான உடையில. கூட்டை நான்தான் செஞ்சேன். காத்துக்கு வெச்ச ஓட்டையை மேல ஜோடனைத் துணி மூடியிருக்கு. நான் பாக்கல." பிறகு போலீஸ்காரரிடம் தன் பெயர், முகவரி, என்ன கூட்டம், எத்தனை மாதமாக, எல்லாம் சொன்னான். போலீஸ்காரர் "நத்தையா?" என்று இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

பெரியவர் பிழைத்துக்கொண்டார். அவர் சொன்ன எண்ணுக்குப் பேசியதும் மாலையில் அவர் மனைவி வந்தார். நாற்காலியில் மடித்து வைத்திருந்த நத்தைத் தொப்பியை வெகுநேரம் பார்த்தார். "மாசாமாசம் யூனியன் மீட்டிங்னு சொல்லிட்டுப் போவார்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அண்ணன் வேலைக்குப் போனான், வந்தான். சாப்பிட்டானா என்று தெரியாது. போன் அடிக்கும்போதெல்லாம் எடுக்காமல் திரையையே பார்ப்பான். வீடியோ பதினான்கு விநாடி. புதன்கிழமைக்குள் எங்கள் சொந்தக்காரர்கள் ஏழு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். சித்தப்பா, "கை எத்தனைன்னு எண்ணிட்டேன், ஒண்ணு குறையுதே" என்று எழுதியிருந்தார்.

வியாழக்கிழமை அண்ணி தரப்பு காட்டிய அந்த வீடியோவை நீதிபதி இரண்டு முறை பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அண்ணி நிமிரவே இல்லை. சனிக்கிழமை தொடரலாம், பத்து மணியிலிருந்து நாலு மணிவரை. ஆனால் தாய் வீட்டிலேயே பார்க்க வேண்டும், வெளியே அழைத்துப்போகக் கூடாது. ஆறு மாதம் கழித்துக் குழந்தையையே கேட்டு முடிவு செய்வது என்று உத்தரவானது.

"தப்பிச்சீங்க" என்றார் வக்கீலம்மா.

"குழந்தையைக் கேப்பாங்களா?" என்றான் அண்ணன். அதைத் தவிர வேறெதுவும் அவன் காதில் விழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு போனான். அந்த வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தும் படியேறினான், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று.

அண்ணி கதவைத் திறந்தார். முகம் வீங்கியிருந்தது. "வீடியோ அவ ஸ்கூலுக்கும் போயிடுச்சு. வண்டுப் பொண்ணு, வண்டுப் பொண்ணுன்னு கத்தறாங்களாம். ரெண்டு நாளா போகல. நீங்க வர்றீங்கன்னதும் உள்ள போய்த் தாழ் போட்டுட்டா." வழிவிட்டு ஒதுங்கினார். "நான் அவளை ஒண்ணும் சொல்லல. நீங்களே பேசிக்கோங்க."

மிளகின் அறைக் கதவு வெள்ளை. அதில் அவள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைக் கிழித்த தழும்புகள். அண்ணன் அதன் முன்னால் நின்றான். காதை வைத்தான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த மாதிரி மூச்சு என்று அதில் தெரிந்துவிடும். தெரியவில்லை. இந்தக் கதவுக்கு வெளியிலிருந்து திருகாணி கிடையாது.

கையைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். மூன்று தட்டு.

"அவசரமில்லை" என்றான்.

ஒன்றுமில்லை. சமையலறை வாசலில் அண்ணி ஈரத்துணியோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் யாரோ ஆணி அடித்தார்கள். அண்ணனின் காது மடல் சிவந்துபோயிருந்தது. அவள் எட்டு வயதில் விட்டது இது. பாப்பாக்கள் பார்ப்பது. இதைப் போய் இப்போது தட்டியிருக்கக் கூடாது என்று நினைத்தேன். அவனும் அதையே நினைத்திருக்க வேண்டும்; ஒரு அடி பின்வாங்கினான்.

அப்போது உள்ளிருந்து, கதவின் கீழ்ப்பகுதியில், ஒரு தட்டு.

விரல் முட்டி.

இரண்டாவதற்குக் காத்திருந்தோம். வரவில்லை.

அண்ணன் கீழே உட்கார்ந்தான். ஷூ கயிற்றை அவிழ்த்தான். இரண்டு ஷூவையும் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். மணி பத்தே முக்கால். நாலு மணிவரை நேரம் இருந்தது.